மோகினியின் குரல் எந்த ஊர்?

தமிழ்ப் படத்துக்குள் ராக் அண்ட் ரோல் யார் தொண்டை வழியாக நுழைந்தது என்று தடம் பிடித்துப் போனால், திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற சாலையில் சந்திரகிரிக் கோட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நான் தேடிப் போனது வேறு ஒன்றை. அதற்கும் சந்திரகிரிதான் பதில் சொன்னது என்பதால் வரிசையாகவே சொல்கிறேன்.

1958 பிப்ரவரியில் 'உத்தம புத்திரன்' வெளிவந்தது. வீனஸ் பிக்சர்ஸ் தயாரிப்பு, டி. பிரகாஷ் ராவ் இயக்கம், கதை வசனம் ஸ்ரீதர், இசை ஜி. ராமநாதன். கர்நாடக ராகங்களைக் கரைத்துக் குடித்த ராமநாதன், அந்தப் படத்தில் 'யாரடி நீ மோகினி' என்று ஒரு பாட்டு போட்டார். அரசவை உடுப்பில் சிவாஜி கையைத் தட்டிக்கொண்டு நடப்பார். ஹெலன் வந்து ஆடுவார். பாட்டு ஓரிடத்தில் திடீரென்று வண்டியை மாற்றி ராக் அண்ட் ரோலில் ஏறிக்கொள்ளும். பாடியவர்கள் நான்கு பேர்: டி. எம். சௌந்தரராஜன், ஜிக்கி, ஏ. பி. கோமளா, கே. ஜமுனா ராணி. இன்றைக்கும் மேடையில் இதைப் பாடுகிறவர்கள் சௌந்தரராஜன் பேரை மட்டும் சொல்லிவிட்டு மைக்கைப் பிடிக்கிறார்கள். பெண் குரல்கள் மூன்றும் பேரில்லாமல் போய்விடுகின்றன.

அந்த மூன்றில் என்னை நிறுத்தியது ஜிக்கி. காரணம், அதே 1958-ல் ஜெமினியின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுகிற 'கண்ணும் கண்ணும் கலந்து' பாட்டிலும் பி. லீலாவோடு அவர் இருக்கிறார். அதற்கு இசை சி. ராமச்சந்திரா. முந்தைய ஆண்டு, 1957-ல், 'ஆஷா' இந்திப் படத்துக்காக 'ஈனா மீனா டீகா' போட்டு வட இந்தியாவையே ராக் அண்ட் ரோலுக்கு ஆட வைத்தவர் அவர்தான். இரண்டு இசையமைப்பாளர்கள், இரண்டு கம்பெனிகள், ஒரே வருடம். வேகமும் துள்ளலும் வேண்டும் என்றபோது இருவரும் அழைத்தது ஒரே பெண்ணை. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. அன்றைய பாடகிகளில் சுருதி பிசகாமல் சத்தம் போடத் தெரிந்தவர் ஜிக்கி. நல்ல ராக் அண்ட் ரோல் குரலுக்கு வேறு இலக்கணம் கிடையாது.

ஜிக்கி என்பது வீட்டுப் பேர்தான். முழுப் பேர் பி. ஜி. கிருஷ்ணவேணி. 1935-ல் சென்னையில் பிறந்தார். பெற்றோர் சந்திரகிரிக்காரர்கள், பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்த தெலுங்குக் குடும்பம். 1639-ல் ஆங்கிலேயருக்குக் கிடைத்த சென்னப்பட்டணத்துப் பட்டயத்தோடு சந்திரகிரி அரசின் பேரும் பிணைந்திருக்கிறது. ஊரைக் கொடுத்த இடத்திலிருந்தே பிற்பாடு ஒரு குரலும் வந்து சேர்ந்தது. 1943-ல் 'பந்துலம்மா' தெலுங்குப் படத்தில் குழந்தை நட்சத்திரம். 1948-ல் 'ஞானசௌந்தரி'. அந்தப் படத்தில் மாதாவை நோக்கிய பாட்டு ஒன்று, சிறுமியின் குரலில் ஆரம்பித்து, கதாநாயகி வளர்ந்ததும் பெரிய பெண்ணின் குரலுக்கு மாறும். வளர்ந்த குரல் பி. ஏ. பெரியநாயகி. சிறுமியின் குரல் ஜிக்கி. பத்து வருடம் கழித்து அதே குரல்தான் மோகினி.

இனி, நான் உண்மையில் தேடிப் போன விஷயம். அமெரிக்கப் பாட்டு வியாபாரத்தில் ஒரு வாழ்க்கைப் பாதை உண்டு. ஒருவர் இளமையில் ராக் அண்ட் ரோல் பாடுவார். இரண்டு மூன்று இசைத்தட்டு ஓடும். மவுசு இறங்கியதும் அதே கம்பெனியிலோ வேறு கம்பெனியிலோ தட்டுகளைத் தள்ளிவிடுகிற ஆளாகச் சேருவார். ரேடியோ நிலையம் நிலையமாக ஏறி இறங்கி, அறிவிப்பாளரின் தோளில் கை போட்டு, புதுத் தட்டைச் சுழல வைப்பது அவர் வேலை. இந்த வேலைக்குள் பணம் எவ்வளவு புழங்கியது என்பது 1959-லும் 1960-லும் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் சந்திக்கு வந்தது. ராக் அண்ட் ரோல் என்ற பேரையே ஊரெங்கும் பரப்பிய வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் அதில் வேலையை இழந்தார். 1962-ல் லஞ்சக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார். தட்டு தானாக ஓடுவதில்லை, யாரோ ஓட்டுகிறார்கள் என்று அந்த நாட்டுக்கு அப்போது புரிந்தது.

நம் பக்கத்தில் அப்படி ஒரு ஆள் இருந்தாரா? இதுதான் என் கேள்வி. ஆங்கிலப் பாட்டு என்று பார்த்தால் பதில் சுலபம். சித்தூரிலிருந்து மேற்கே முல்பாகல், கோலார் வழியாகப் போனால் வருகிற பெங்களூரில் இருக்கிறது. குடகுக் குடும்பத்துப் பிள்ளை பிட்டு, அறுபதுகளில் 'ட்ரோஜன்ஸ்' என்ற குழுவில் பாடியவர். கல்கத்தா, பம்பாய் என்று பாடித் திரிந்து, 1967 வாக்கில் லண்டன் போய்ச் சேர்ந்தார். பாடகனாக அங்கே எடுபடவில்லை. தயாரிப்பாளராக எடுபட்டார். 1974-ல் கார்ல் டக்ளஸ் பாடிய 'குங்ஃபூ ஃபைட்டிங்' அவர் தயாரித்தது. தட்டின் பின்பக்கத்தை நிரப்ப அவசரமாகப் பதிந்த பாட்டு, முன்பக்கமாகி உலகத்தைச் சுற்றியது. 1980-ல் 'குர்பானி' படத்தின் 'ஆப் ஜைசா கோயி' பாட்டு, 1981-ல் நாஜியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே', 1995-ல் அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா' எல்லாம் அவர் கைவேலை. பாட்டுக்காரன் பாட்டு வியாபாரியாக மாறிய கதைக்குத் தென்னிந்தியாவில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஆனால் அவர் வியாபாரம் செய்த சந்தை லண்டனும் பம்பாயும். சித்தூர்ச் சந்தையில் தட்டை ஓட்டியது யார்?

தமிழில் இந்தத் தொழிலுக்குப் பேர் இல்லாததால் ஆளும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. காரைக்குடிக் கடையில் கிராமபோன் தட்டு விற்க ஆரம்பித்த ஏ. வி. மெய்யப்பன், சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி, ஓடியன் தட்டுகளை ஊர் ஊராகச் சேர்த்தார். விற்பனையில் நின்றபடியே எந்தப் பாட்டு போகும், எது போகாது என்று கற்றுக்கொண்டவர் பிறகு ஏவி.எம். ஆனார். வியாபாரி படமெடுக்க வந்த கதை இது. பாடகர் வியாபாரத்துக்குப் போன கதை அல்ல.

வானொலியில் தேடலாமென்றால், அங்கே கதவே சாத்தியிருந்தது. 1952-ல் அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்தது. கேட்கிறவர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். அங்கே அறிவிப்பாளராக இருந்த மயில்வாகனன் குரலுக்காகக் கடைவாசலில் கூட்டம் நின்ற காலம் அது. 1957 அக்டோபர் 3-ம் தேதி விவித பாரதி தொடங்கித்தான் டெல்லி சமாதானத்துக்கு வந்தது. ஆக, தமிழ்ச் சினிமாப் பாட்டின் மிக நல்ல வருடங்கள் சிலவற்றில் அந்தப் பாட்டுகளுக்கு உள்நாட்டு வானொலி இல்லை. பிறகு எப்படிப் பட்டிதொட்டியெல்லாம் பரவின? ஆள் யாரோ இருந்திருக்க வேண்டும். ஜிக்கியின் குடும்பம் வந்த சீமையிலேயே தேடலாம் என்று சித்தூருக்குக் கிளம்பினேன்.

சித்தூரில் பழைய பாட்டுக்காரர் யார் என்று கேட்டால், கேட்ட மாத்திரத்தில் ஒரே பேர்தான் வருகிறது: நாகையா. 'சித்தூர்' வி. நாகையா. சென்னைப் பனகல் பூங்காவில் சிலையாக இருப்பவர். 1945-ல் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா'வில் ராணாவாக வந்தவர். ஆனால் அவர் பிறந்தது குண்டூர்ப் பக்கத்து ரேபல்லெ. சித்தூர் ராமவிலாச சபையின் நாடகங்களில் நடித்துப் பேர் வாங்கியதால் ஊர்ப் பேர் ஒட்டிக்கொண்டது. இந்த மாவட்டத்திலேயே பிறந்த, ஜிக்கியின் கணவரான பாடகர் ஏ. எம். ராஜாவின் பேரையோ யாரும் தானாக எடுக்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்த பிறகு, "அவரு மெட்ராஸ்காரரு இல்லையா சார்?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

ராஜா 1929 ஜூலை 1-ம் தேதி சித்தூர் மாவட்டம் ராமாபுரத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். ராமாபுரம் என்ற பேரில் இந்தச் சீமையில் ஊருக்குப் பஞ்சமில்லை. தாலுகா தெரியாமல் ஆவணம் கேட்டால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சிரிப்பார்கள். அதோடு, எல்லையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1911-ல் வட ஆற்காட்டையும் கடப்பையையும் கிள்ளி எடுத்து உண்டாக்கிய மாவட்டம் இது. 1953 அக்டோபரில் ஆந்திரத்துக்குப் போனது. அதில் திருத்தணித் தாலுகா 1960 ஏப்ரலில் சென்னைக்கே திரும்பி வந்தது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ராஜா பிறந்தபோது அவர் சென்னை மாகாணத்துப் பிள்ளை. பாடிப் புகழடைந்தபோது அவருடைய சொந்த ஊர் வேறு மாநிலம். சித்தூர்க்காரர்கள் அவரை மெட்ராஸ்காரர் என்று எண்ணுவதும், சென்னையில் தெலுங்கர் என்று சொல்வதும் இதனால்தான்.

வழக்கு சூடு பிடித்தது ராஜாவின் முதல் தட்டில். அவர் பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். கல்லூரிப் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியவர். சினிமா வாய்ப்புக்காக ஸ்டுடியோ வாசலில் போய் நிற்கவில்லை. தெலுங்கில் இரண்டு பாட்டுகளைத் தாமே எழுதி மெட்டமைத்து, ஹெச்.எம்.வி.யில் பாடித் தட்டாக்கினார். அங்கே வாத்திய இசையைக் கவனித்துக்கொண்டவர் கே. வி. மகாதேவன், பிற்காலத்தில் 'திருவிளையாடல்' இசையமைத்த அதே மகாதேவன். தட்டு வானொலியில் ஒலித்தது. ஜெமினியின் காதில் விழுந்தது. 1951-ல் 'சம்சாரம்' படத்தில் ஈமனி சங்கர சாஸ்திரி இசையில் ராஜாவின் குரல் வந்தது.

வாழ்க்கைக் குறிப்புகளில் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இந்த வரிசைதான் முக்கியமாகப் பட்டது. அந்தக் காலத்துப் பின்னணிப் பாடகர்கள் பெரும்பாலும் படத்தின் வழியாகத் தட்டுக்கு வந்தார்கள். படத்துக்காகப் பாடுவார்கள், கம்பெனி அதைத் தட்டாக்கும். ராஜா தட்டின் வழியாகப் படத்துக்கு வந்தார். முதலில் சரக்கு; சரக்கை வானொலி வழியாக அனுப்பி, வாங்குகிறவனைக் கண்டுபிடித்தது அதற்கு அடுத்து. இருபத்திரண்டு வயதுக்குள் ஒரு பையன் தன் குரலுக்குத் தானே விளம்பரக்காரனாக இருந்திருக்கிறான். நான் தேடிய வேலையின் முதல் அறிகுறி இது.

இந்த மாதிரி வரிசைகளைச் சரிபார்க்க ஞாபகங்களை நம்ப முடியாது. எழுபது வயதுக்காரர்கள் படத்தையும் தட்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். தட்டு அப்படிச் செய்யாது. ஒவ்வொரு 78 சுற்றுத் தட்டிலும் இரண்டு எண்கள் இருக்கும். லேபிளில் அச்சான எண் கடைக்காரனுக்கு, ஹெச்.எம்.வி. என்றால் 'என்' வரிசை, கொலம்பியா என்றால் 'ஜி.இ.' வரிசை. லேபிளுக்கு வெளியே, கோடுகள் முடிகிற வெற்று வளையத்தில், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிற எண் பதிவுக்கூடத்துக்கு. எந்தப் பாட்டு முன்னால் பதிவானது, எது பின்னால் என்று இரண்டாவது எண்தான் சாட்சி சொல்லும். பாட்டுப் புத்தகம் இந்த விஷயத்தில் உதவாது. கதைச் சுருக்கம் இருக்கும், நடிகர் பேர் இருக்கும், பாடியவர் பேர் பல புத்தகங்களில் இருக்காது. தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகங்களைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த ஏமாற்றம் பழகிப்போயிருக்கும். பாடகருக்கு அடையாள அட்டை லேபிள்தான். அரக்கில் செய்த அந்தத் தட்டு கீழே விழுந்தால் அட்டையும் போயிற்று.

தட்டுகள் யாரிடம் மிஞ்சியிருக்கும்? பணக்கார வீடுகளில் மிஞ்சவில்லை. எழுபதுகளில் கேசட் வந்ததும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது மைக் செட்காரர்களிடம். கல்யாணம், காதுகுத்து, ஜாத்திரை, தேர்தல் எதுவானாலும் மரத்தில் குழாய் கட்டி, ஆம்ப்ளிஃபயரும் தட்டுப் பெட்டியுமாக உட்கார்ந்திருக்கிற அந்த ஆளை நாம் யாரும் இசை வரலாற்றில் சேர்ப்பதில்லை. சித்தூரில் அப்படி ஒரு கடையில், பந்தல் நாற்காலிகளுக்கும் சீரியல் விளக்குகளுக்கும் பின்னால், மரப்பெட்டி ஒன்று கிடந்தது. கடையை நடத்துகிறவர் தாத்தா காலத்துச் சாமான் என்றார். எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாருங்க சார், தாராளமா பாருங்க. எங்க நைனா இருந்தா கை வைக்க விடமாட்டார். ஊசிகூட அவர்தான் மாத்துவாராம்."

உறைகளில் பென்சிலால் எழுதியிருந்தது. படத்தின் பேர் அல்ல. எந்த வேளைக்கு எந்தத் தட்டு என்ற குறிப்பு. விடியற்காலைக்குச் சாமி பாட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, சாப்பாட்டுப் பந்திக்கு ஒன்று. சில உறைகளில் தமிழில், சிலவற்றில் தெலுங்கில். ஏன் இரண்டு மொழி என்று கேட்டேன்.

"பொண்ணு வீடு வேலூர், பையன் வீடு பீலேரு. ரெண்டு பக்கமும் சந்தோஷப்படணும் இல்லையா சார்?"

ஒரு வார்த்தையில் வியாபாரத்தைப் புரியவைத்துவிட்டார். இந்த மாவட்டத்தில் ஒரே மெட்டை இரண்டு முறை விற்க முடியும். 1955-ல் 'மிஸ்ஸம்மா' தெலுங்கிலும் 'மிஸ்ஸியம்மா' தமிழிலும் சேர்ந்தாற்போல வந்தன. சாலூரி ராஜேஸ்வர ராவின் மெட்டுகள் பொது. தெலுங்கில் என்.டி.ஆருக்கும் தமிழில் ஜெமினி கணேசனுக்கும் பின்னால் நின்ற குரல் ஒன்றே: ராஜா. 1959 ஏப்ரலில் 'கல்யாண பரிசு'. அடுத்த வருடம் அதே கதை தெலுங்கில் 'பெள்ளி கானுக'. இரண்டுக்கும் இசையமைத்தவர் ராஜா. மாநில எல்லையைப் பற்றி ஊர்வலம் நடந்து, திருத்தணி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கமிஷன் உட்கார்ந்து முடிவு சொன்ன அதே ஆண்டுகளில், மைக் செட்காரர் இரண்டு தட்டையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் ஓட்டினார். அமெரிக்காவில் கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட ஆளின் வேலையை இங்கே இவர் கைக்காசு போட்டுச் செய்தார். தட்டை விலை கொடுத்து வாங்கி, ஊருக்கெல்லாம் கேட்க வைத்து, கம்பெனியிடமிருந்து ஒரு பைசா வாங்காமல்.

'கல்யாண பரிசு' ராஜாவின் உச்சம். 'உத்தம புத்திர'னுக்கு வசனம் எழுதிய ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய படம், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டுகள். அந்த அக்டோபரில் பட்டுக்கோட்டையார் இறந்துபோனார். இசையமைப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்ததும் ராஜா செய்ததைப் பாருங்கள்: மனம் துள்ளுகிற பாட்டை மனைவி ஜிக்கிக்குக் கொடுத்தார், தோற்றவனின் சோகத்தைத் தான் எடுத்துக்கொண்டார். அவரவர் குரலின் எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது. 1961-ல் 'தேன் நிலவு' வந்தது. ஸ்ரீதரின் சொந்த நிறுவனமான சித்ராலயாவின் முதல் படம், காஷ்மீரில் எடுத்தது. அதில் 'ஓஹோ எந்தன் பேபி'யைக் காட்டி ராஜாவும் ராக் அண்ட் ரோல் பாடியவர்தான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேற்கத்திய மெட்டு, மேற்கத்திய வாத்தியம், சரி. குரலில் அவசரம் எங்கே? ராஜா எதைப் பாடினாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் இருக்கும். அந்தப் பாட்டு இவ்வளவு காலம் நிற்பதற்கும் அதுதான் காரணம்.

அதற்குப் பிறகு ஸ்ரீதர் விஸ்வநாதன்–ராமமூர்த்தியிடம் போய்விட்டார். ராஜாவுக்கு 'ஆடிப்பெருக்கு' போன்ற படங்கள் 1962-ல் இருந்தன. மலையாளத்தில் அதே ஆண்டு 'பார்யா'வில் தேவராஜன் இசையில் சுசீலாவோடு அவர் பாடிய பாட்டைக் கேரளம் இன்னும் விடவில்லை. தமிழ்ச் சந்தையில் மட்டும் வாய்ப்பு மெல்லக் காய்ந்தது. சௌந்தரராஜனும் பி. பி. ஸ்ரீனிவாசும் பாடிய காலம் அது. கொஞ்சம் தள்ளி, காளஹஸ்தியில் பள்ளிக்கூடமும் திருப்பதியில் பி.யூ.சி.யும் படித்த பையன் ஒருவன், எஸ். பி. பாலசுப்ரமணியம், தயாராகிக்கொண்டிருந்தான். அவரும் பின்னால், தன்னைக் கைதூக்கிவிட்ட கோதண்டபாணியின் பேரில் ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். இந்த மண்ணின் பாட்டுக்காரர்களுக்குப் பாடுவதோடு நிற்கிற பழக்கம் இல்லை போலிருக்கிறது.

திருப்பதியில் இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் சினிமா பக்கம் யாரும் வருவதில்லை. அங்கே தட்டு என்றால் சுப்ரபாதம். 1963-ல் ஹெச்.எம்.வி. வெளியிட்ட எம். எஸ். சுப்புலட்சுமியின் பதிவு, அதன் ராயல்டியை அவர் தேவஸ்தானத்துக்கே எழுதிவைத்தார். எழுபதுகளின் கடைசியில் தேவஸ்தான நிர்வாக அதிகாரியாக இருந்த பி. வி. ஆர். கே. பிரசாத், எம்.எஸ். – சதாசிவம் தம்பதிக்கு உதவியாக இருக்கும் என்று எண்ணி, அன்னமய்யாவின் பாட்டுகளும் தோத்திரங்களுமாக 'பாலாஜி பஞ்சரத்னமாலா' என்ற ஐந்து தட்டுகளுக்கு ஏற்பாடு செய்தார். தென்னிந்தியாவில் தட்டைத் தூக்கி நிறுத்துவதில் கோயிலை மிஞ்சிய கம்பெனி இல்லை என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சதாசிவமும் கதர்ப் பாட்டுப் பாடிக்கொண்டு சுதந்திரப் போராட்டத்துக்கு வந்து, 'ஆனந்த விகடன்' விளம்பரப் பிரிவில் தேறியவர். பாடியவர் விளம்பரக்காரராகி, மனைவியின் குரலை உலகத்துக்குக் கொண்டுபோனார்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நான் ஒரே ஆளில் தேடிக்கொண்டிருந்தேன். ராக் அண்ட் ரோல் பாடியவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது அமெரிக்கக் கணக்கு. இங்கே அந்த வாழ்க்கை ஒரே வீட்டில் இரண்டு ஆளாகப் பிரிந்து கிடந்தது. ஜிக்கி பாடினார். ராஜா பாடியதோடு, எடுத்துக்கொண்டும் போனார். சந்திரகிரிக் குடும்பத்துப் பெண்ணும் சித்தூர்ச் சீமைப் பையனும் சென்னையில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டு, சினிமா அழைப்பது குறைந்ததும் தங்கள் பேரில் இசைக்குழு நடத்தினார்கள். மெல்லிசைக் கச்சேரி. கோயில் திருவிழா, சபா, வெளிநாட்டுத் தமிழர் மேடை. தட்டில் மூன்றேகால் நிமிடத்துக்குள் அடங்கிய பாட்டை ஆள் நேரில் வந்து பாடிக் காட்டினார். வானொலியையோ மைக் செட்காரரையோ நம்பாமல், ஆரம்பத்தில் கல்லூரிப் பையனாகச் செய்த அதே வேலையை ஐம்பதைத் தாண்டியும் செய்துகொண்டிருந்தார்.

1989 ஏப்ரலில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில் கச்சேரி ஒன்றுக்கு ரயிலில் போகும்போது, வள்ளியூர் நிலையத்தில் விழுந்து அடிபட்டு ராஜா இறந்தார். அறுபது வயது நிறையவில்லை. அதே ஆண்டு வந்த 'பாட்டுக்கு ஒரு தலைவன்' படத்தில் இளையராஜா ஜிக்கியைப் பாட வைத்தார். மனோவோடு சேர்ந்து அவர் பாடியதைக் கேட்டால் வயது ஐம்பதைத் தாண்டியவர் என்று தெரியாது. 2004 ஆகஸ்ட் 16-ம் தேதி சென்னையில் காலமானார்.

சினிமாப் பதிவுகளைப் பற்றிய கணக்கை ஒருவிதத்தில் தேற்றிவிடலாம். 78 சுற்றுத் தட்டுச் சேகரத்தில் பெரிய பேர் வி. ஏ. கே. ரங்கா ராவ். இந்தச் சித்தூர்ச் சீமைக் கார்வேட்டிநகரம் வேணுகோபால சுவாமி கோயிலில் சலங்கை கட்டி ஆடிய மனிதர். அவரைப் போன்றவர்கள் பத்திரப்படுத்திய தட்டுகளும் லேபிள்களும் படங்களின் வரிசையைச் சொல்லிவிடும். மேடைக் கச்சேரிகளுக்கு லேபிள் கிடையாது. ராஜா–ஜிக்கி குழு எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எந்தெந்த ஊருக்குப் போனது, எந்தப் பாட்டைக் கடைசியாக வைத்தார்கள், சம்பளம் என்ன என்பதெல்லாம் எந்த ஆவணக் காப்பகத்தின் பட்டியலிலும் வராது. திருவிழாக் கமிட்டிகள் அச்சடித்த மஞ்சள், ரோஸ் நோட்டீஸ்களில் இருக்கும். கமிட்டிப் பொருளாளர் வைத்திருந்த வரவு செலவு நோட்டில், வாணவேடிக்கைக்கும் பந்தலுக்கும் நடுவே 'பாட்டுக் கச்சேரி' என்ற வரியில் இருக்கும். நோட்டீஸின் அடியில் 'ஒலி ஒளி அமைப்பு' என்று மைக் செட்காரரின் பேரும் அச்சாகியிருக்கும்; தட்டை ஓட்டியவரும் பாடியவரும் ஒரே தாளில் சேர்ந்து நிற்கிற இடம் அது ஒன்றுதான். கன்னியாகுமரியிலிருந்து சித்தூர் வரைக்கும் பழைய கமிட்டிக்காரர்கள் வீட்டுப் பரணில் அவை இன்னும் கிடக்கின்றன. அடுத்ததாக நான் ஏறப்போவது அந்தப் பரண்களில்.